சாட்சியைத் தண்டிக்கலாமா?

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி வட்டாரத்தில் வீட்டு முற்றங்களில் உறங்கிக் கிடக்கும் பழைய கார்களுக்கெல்லாம் உயிர் வந்துவிடுகிறது. கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர், செங்கோட்டை, பொட்டல்புதூர் எனச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் புறப்படுகிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி ஓடாமல் நின்ற வண்டி, ஆறேழு பேரையும் சோற்றுத் தேக்சாவையும் சுமந்துகொண்டு நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதுதான் அதுவரை மறைந்திருந்த நோவெல்லாம் வெளிப்படும். முகப்பில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

அத்தகைய விளக்கொன்றைப் பற்றிக் கடையநல்லூர்ச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் தம்மாமில் பணியாற்றுகிறார். 2012ஆம் ஆண்டு சென்னையில் பதிவான பெட்ரோல் கார் ஒன்றை மூன்றாம் கையாக வாங்கியிருக்கிறார்கள். விளக்கு எரிந்தது. முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டதென்று புதிது மாற்றினார்கள். பதினைந்து நாட்களில் விளக்கு மறுபடியும் எரிந்தது. இம்முறை, கன்வெர்ட்டரே போய்விட்டது, புதிது போட ரூ.40,000 ஆகும் என்றார்கள். வேறோர் இடத்தில் காட்டியபோது, கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு வெறுங்குழாயைப் பற்றவைத்துவிடலாம், விளக்கையும் எரியாமல் செய்துவிடலாம், பிறகு வண்டியை நல்ல விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று யோசனை சொன்னார்களாம். “ஹஜ்ரத் அவர்களே, இதில் எது கூடும், எது கூடாது?” என்பது சகோதரியின் கேள்வி. மாதம் ஒருமுறை எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றும் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறார். எனக்கு அந்த ஓரக் குறிப்பே முக்கியமாகப் பட்டது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கேள்வி மார்க்கச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் பொருளின் உண்மை நிலையை அறியாமல் சட்டம் சொல்வது எங்ஙனம்? தென்காசியில் ஒர்க் ஷாப் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் சில மாலைப் பொழுதுகள் நின்று கேட்டும் பார்த்தும், அதற்குரிய நூல்களோடு ஒப்பிட்டும் இதனை எழுதுகிறேன். டீசல் வண்டியின் அமைப்பு வேறு. இங்கே பேசப்படுவது பெட்ரோல் காரைப் பற்றி மட்டுமே.

பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தாம் மிஞ்ச வேண்டும். நடைமுறையில் எந்த எஞ்சினிலும் அவ்வாறு எரிவதில்லை. அரைகுறையாக எரிந்ததனால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது; எரியாமலே தப்பிய பெட்ரோல் ஆவி வெளிவருகிறது; மிகு வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. இம்மூன்று நஞ்சுகளையும் தீங்கு குறைந்தவையாக மாற்றி வெளியே விடும் கருவியே கன்வெர்ட்டர். சைலன்சர் குழாயின் முற்பகுதியில் பருத்த டப்பாபோல் இருக்கும். உள்ளே தேன்கூட்டைப் போல நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அத்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. ஏறத்தாழ 250, 300 பாகை செல்சியஸ் சூடேறிய பின்னரே அப்பூச்சு வேலை செய்யத் தொடங்கும்.

எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் அளவில் கலவை அமைந்தால்தான் மூன்று நஞ்சும் ஒருசேர நீங்கும். அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று புகையில் எஞ்சியுள்ள ஆக்ஸிஜனை மோந்து பார்த்துச் சொல்வது ஆக்ஸிஜன் சென்சார். சிர்கோனியா என்னும் பீங்கானாலான சிறு குப்பி அது. குப்பியின் உட்புறம் வெளிக்காற்றும் வெளிப்புறம் புகையும் படும்படி பொருத்தியிருப்பார்கள். புகையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தால், அதாவது பெட்ரோல் மிகுந்திருந்தால், அது 0.8 அல்லது 0.9 வோல்ட் மின்னழுத்தம் தரும்; காற்று மிகுந்திருந்தால் 0.1 அல்லது 0.2 வோல்ட். அதைக் கேட்டு வண்டியின் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொண்டேயிருக்கும்.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் பூச்சைக் கெடுத்துவிடுமாதலால், அந்நகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே வந்தது. நாடெங்கும் ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரியில்தான். பின்னர் பாரத் ஸ்டேஜ் என்னும் படிநிலைகள் ஒவ்வொன்றாக வந்தன. நான்காம் படி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட சில நகரங்களுக்கு வந்து, 2017 ஏப்ரலில்தான் நாடு முழுமைக்கும் விரிந்தது. ஆகவே ஒரே ஆண்டில் வெளிவந்த கார்களாயினும் சென்னையில் பதிவானதும் திருநெல்வேலியில் பதிவானதும் ஒரே அமைப்பில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரேயொரு சென்சார்தான் உண்டு. பின்னால் வந்தவற்றில் கன்வெர்ட்டருக்கு அப்பால் இரண்டாவது ஒன்றும் இருக்கும். முதலாவது, கலவையைப் பற்றிச் சொல்வது. இரண்டாவது, கன்வெர்ட்டரின் வேலையைப் பற்றிச் சொல்வது. இந்த வேறுபாடு தெரியாமற் போவதால்தான் பல வீடுகளில் பணம் வீணாகிறது.

மஞ்சள் விளக்கு எரிந்தால் கணினியில் ஒரு குறியீட்டெண் பதிவாகியிருக்கும். பி 0171 என்பது ஓர் எண். அதன் பொருள், கலவையில் காற்று மிகுந்திருப்பதாகச் செய்தி வந்துகொண்டேயிருக்கிறது, பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை என்பதே. செய்தி சொன்னது சென்சார். உடனே சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள்! திருட்டைக் கண்டு கூவியவனையே பிடித்துக் கட்டிவைப்பது போன்ற காரியம் இது. வாதிடுபவர்மீதே ஆதாரம் காட்டும் கடமை இருக்கிறது என்பது நம் காஜிகள் காலங்காலமாகக் கைக்கொண்ட விதி. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஹுஜுராத் அத்தியாயம் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. ஸ்கேனரின் திரையில் தோன்றும் எண், விசாரணையின் தொடக்கம். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது முறையன்று.

சென்சாரை மாற்றுமுன் அது உண்மை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை எடைபோடும் முறையைப் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அறிவிப்பவர் நேர்மையானவராக இருந்தும், அவர் காதில் விழுந்ததே தவறாக இருந்திருக்கலாமல்லவா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங் வெடித்திருந்தால், அல்லது சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை விழுந்திருந்தால், புகையின் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து மோந்துவிட்டுக் காற்று மிகுதி என்று சொல்லும். ஒரு சிலிண்டரில் பிளக் பொறி விடாமல் வண்டி மிஸ்ஸிங் ஆனாலும் இதே கதைதான். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே வெளியேறுகின்றன. சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது, ஆக்ஸிஜனை மட்டுமே தெரியும். எனவே காற்று மிகுதி என்கிறது. கணினி அதை நம்பி மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் குறைகிறது, பின்னால் வரும் கன்வெர்ட்டர் வெந்து போகிறது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கடித்த வயர், வெடித்துப்போன வேக்கம் ஓஸ் இவையும் விளக்கு எரியக் காரணமாகும். அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் உள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குத் தேவையான காற்று குறைவு. ஆகவே கணினி கொஞ்சம் கூடுதலாக எரிபொருளைச் செலுத்தித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். நல்ல நிலையிலுள்ள வண்டி தாங்கிக்கொள்ளும். எங்கேனும் சிறு காற்றுக் கசிவு இருந்து அதுவரை ஈடுகட்டி வந்த பழைய வண்டியோ எல்லையைக் கடந்து விளக்கை எரியவிடக்கூடும். அங்கேயும் குற்றவாளி கசிவுதான்.

சென்சாரைச் சோதிப்பதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்த உடனே பார்த்துச் சொல்வது செல்லாது. பதினைந்து நிமிடமேனும் ஓட்டிவிட்டு வந்து, 2,500 சுற்று வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, ஸ்கேனரின் கோட்டுப்படத்திலோ நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரிலோ பார்த்தால், முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1க்கும் 0.9க்கும் இடையே பத்து விநாடியில் பலமுறை ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சடக்கென்று மிதித்தால் 0.8ஐத் தாண்ட வேண்டும். ஒரு வேக்கம் ஓஸைக் கழற்றிக் காற்றை உள்ளே விட்டால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் தயங்காமல் அசைந்தால் சென்சார் குற்றமற்றது. ஒரேயடியாக 0.45 அளவில் நின்றுகொண்டிருந்தால் அது பேசவில்லை என்று பொருள். அப்போதும் வயரையும் கனெக்டரையும் பார்த்த பிறகே சென்சாரைக் குறை சொல்லலாம். பி 0135 என்னும் எண் வந்தால் சென்சாரைச் சூடேற்றும் உட்கம்பியின் மின்சுற்றில் பழுது. அதற்குரிய ஃப்யூஸ் எரிந்திருந்தாலும் இதே எண்தான் வரும். சில ரூபாய் ஃப்யூஸுக்காகச் சில ஆயிரம் ரூபாய்ச் சென்சாரை மாற்றியவர்கள் உண்டு. வேறுவகைச் சென்சார் பொருத்திய புதிய வண்டிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கழற்றிய சென்சாரின் நுனியைப் பார்த்தாலும் கதை தெரியும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால், பேக்கிங் ஒட்டுவதற்குத் தவறான சிலிக்கோன் பசையைப் பூசியிருக்கலாம். இரண்டிலும் காரணத்தை நீக்காமல் புதிது போட்டால் அதுவும் அவ்வாறே ஆகும்.

இனிக் கன்வெர்ட்டருக்கு வருவோம். அது மூன்று வகையில் கெடும். மூன்றும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை.

முதலாவது, அடைத்துக்கொள்வது. செங்கோட்டையைக் கடந்து புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு நோக்கிச் செல்பவர்களுக்கு இது தெரியாமலிருக்காது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டிக்கு மூச்சு முட்டும். புகை வெளியேற வழியில்லாததால் புதுக்காற்று உள்ளே நுழைய முடிவதில்லை. ஆனால் ஃப்யூயல் பம்ப் தளர்ந்தாலும், கிளட்ச் தேய்ந்து வழுக்கினாலும் மேட்டில் இதே திணறல்தான். ஆகவே அளந்து பார்க்க வேண்டும். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினால், வண்டி சும்மா ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஒன்றரைப் பவுண்டுக்குள்ளும், 2,500 சுற்றில் 3 பவுண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். மேலே போனால் பாதையில் அடைப்பு. கருவியின் விலை அதிகமன்று. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

இரண்டாவது, உள்ளே பீங்கான் கட்டி உடைவது. வண்டி ஆறியிருக்கும்போது ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே ஓட்டுத் துண்டுகள் உருளும் ஓசை கேட்கும். மேலே மூடியுள்ள வெப்பத் தகட்டின் போல்ட் தளர்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதே ஓசை வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்க. ஒரு போல்ட்டை முடுக்கிச் சரிசெய்ய வேண்டியதற்குக் கன்வெர்ட்டரையே மாற்றிய பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் சிக்கலானது. ஓசை இல்லை, திணறல் இல்லை. பூச்சு மட்டும் செத்துவிட்டது. இதைக் கண்ணாலோ காதாலோ அறிய இயலாது. இரண்டு சென்சார் உள்ள வண்டியில், நல்ல கன்வெர்ட்டராயின் முன் சென்சார் துடித்துக்கொண்டிருக்கப் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் அமைதியாக நிற்கும். முன்னது ஆடுகிறபடியெல்லாம் பின்னதும் ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. பி 0420 என்னும் எண் சொல்வது இதைத்தான். முன்னும் பின்னும் வெப்பத்தை அளந்து சொல்லும் வழக்கமும் உண்டு. அதைத் துணைச் சாட்சியாகக் கொள்ளலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. பின் சென்சாருக்கு முன்னால் குழாயில் கசிவு இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரேயொரு சென்சார் உள்ள பழைய வண்டியை ஸ்கேனரில் பார்த்துவிட்டு, கன்வெர்ட்டர் செத்துவிட்டதென்று யாரேனும் சொன்னால், இல்லாத சாட்சியின் வாக்குமூலத்தைக் காட்டுகிறார் என்று அறிந்துகொள்ளலாம். அத்தகைய வண்டிக்குப் புகையை அளப்பதே வழி.

அந்த அளவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. புகைச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். சி.ஓ. என்பதற்கெதிரே உள்ளது கார்பன் மோனாக்சைடின் விழுக்காடு, எச்.சி. என்பதற்கெதிரே உள்ளது எரியாத பெட்ரோலின் அளவு, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்னும் கணக்கில். பாரத் ஸ்டேஜ் நான்காம் படி பெட்ரோல் காருக்கு முதலாவது 0.3, இரண்டாவது 200 என்பவை சட்டம் அனுமதிக்கும் மேலெல்லை. இரண்டாம் மூன்றாம் படிகளுக்கு 0.5, 750. அதற்கும் முற்பட்டவற்றுக்கு 3, 1,500. நான்காம் படி வண்டியை 2,500 சுற்று வேகத்திலும் அளக்க வேண்டும். அப்போது கார்பன் மோனாக்சைடு 0.2ஐத் தாண்டக்கூடாது. சென்ற ஆண்டின் சீட்டையும் இவ்வாண்டின் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கன்வெர்ட்டரின் நாடி ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. அளக்கும் கம்பியைக் குழாய்க்குள் நுழைத்து அளந்த சீட்டாக இருக்க வேண்டும். வண்டியின் எண்ணைப் படம் பிடித்துவிட்டு, குழாயின் பக்கமே போகாமல் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதையும், சீக்கிரம் முடிந்ததே என்று நாம் மகிழ்ந்து வாங்கிக்கொண்டு வருவதையும் என்னவென்று சொல்வது? பொய்ச் சாட்சியைக் கொடுத்தவருக்கு மட்டுமன்றிக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அதில் பங்குண்டு.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தானாகச் சாவது அரிது, பெரும்பாலும் கொல்லப்படுகிறது. பிளக்கோ காயிலோ பழுதாகி எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் சேர்ந்தால், அங்கே எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் பொருள் இதுவே. உடனே வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும், அருவிக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கலாகாது. ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் கசிந்தாலும் பூச்சு கெடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால், ஆயிலிலுள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் பூச்சின்மேல் படிந்து கொஞ்சங்கொஞ்சமாகச் சாகடிக்கும். கடையநல்லூர்ச் சகோதரியின் ஓரக் குறிப்பு ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். மாதந்தோறும் குறையும் அந்த ஆயில் எங்கே போகிறது? கீழே ஒழுகினால் தரையில் தெரியும். தரை சுத்தமாக இருந்தால் எரிந்துதான் போகிறது. அதைச் சரிசெய்யாமல் ரூ.40,000க்குப் புதிய கன்வெர்ட்டரைப் போட்டால், அதுவும் அதே நஞ்சைத்தான் உண்ணப்போகிறது.

வெட்டி எறிந்துவிடலாம் என்ற யோசனையைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அது ஒட்டிக்கொள்ளும். உறக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். அருவிக்குச் செல்லும் குடும்பங்களில் என்ன நடக்கிறது? பெரியவர்கள் குளிக்கப் போய்விட, மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டு, பிள்ளைகளையும் வயோதிகரையும் உள்ளே உறங்க வைத்துவிடுகிறார்கள். அடியிலே குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பழைய வண்டி. அடுத்தும் எதிரும் அதேபோல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள். கன்வெர்ட்டர் ஒழுங்காக இருந்தாலே இது ஆபத்து. அதையும் எடுத்துவிட்டால் புகையில் அந்த நஞ்சு பன்மடங்கு. நம் பிள்ளைகள் மட்டுமா, பக்கத்து வண்டியில் உறங்கும் பிள்ளையும் அதைத்தான் சுவாசிக்கும். பிறருக்குத் தீங்கிழைப்பது கூடாது என்ற ஒரு விதியே இதற்கு விடை கூறப் போதுமானது. நாட்டுச் சட்டமும் விடுவதில்லை; புகையளவை மீறிய வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

வெட்டி எடுப்பதில் சிலர் காட்டும் ஆர்வத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. உள்ளேயிருக்கும் ரோடியத்தின் விலை 2021இல் தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஏறியது. பின்னர் இறங்கினாலும் பழைய கன்வெர்ட்டருக்கு இன்றும் விலை உண்டு. அதை வாங்குவதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். இது தெரியாத வீட்டுப் பெண்கள், கழற்றிய டப்பாவைக் குப்பையென்று விட்டுவிட்டு வருகிறார்கள். கைவினைஞரிடம் வேலைக்குக் கொடுத்த பொருள் தொலைந்தால் ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும், அவர்களின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அப்பொருள் கொடுத்தவரின் சொத்து என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. கன்வெர்ட்டரை மாற்ற நேர்ந்தால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது அதன் விலையை எவ்வளவு கழிக்கிறார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பழுதை மறைத்து விற்பதைப் பற்றி: கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், உள்ளே கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டதாகக் கூறிய வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. வண்டி பழுதானதும் சகோதரியின் குற்றமன்று. ஈரத்தை அடியில் தள்ளியதுதான் குற்றம். மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்று ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களும் கூறுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், ஒவ்வொரு தொழிலிலும் நடக்கும் மோசடியையும் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சந்தைக் கண்காணிப்பாளருக்காக விவரிக்கிறது. இன்று அப்படியொருவர் எழுதினால் பழைய கார்ச் சந்தைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவார்.

அந்த அத்தியாயத்தில் இடம்பெறத்தக்க சிலவற்றை வாங்குவோருக்காகச் சொல்லிவைக்கிறேன். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் முகப்பைப் பாருங்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு அப்போது எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியபோதே எரியவில்லையென்றால் விளக்கைச் சாகடித்திருக்கிறார்கள். பின் சென்சாரைக் குழாயிலிருந்து விலக்கி, இடையில் ஒரு நீண்ட நட்டைப் பொருத்தி அதற்குப் புகை சரியாக எட்டாதபடி செய்வதும் உண்டு. கீழே குனிந்து பார்த்தால் தெரியும். விற்பதற்கு முந்தின நாள் குறியீடுகளை அழித்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அவ்வாறு அழித்திருந்தால், கணினியின் தற்பரிசோதனைகள் சில இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டும். வாங்குமுன் சில நாட்கள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு நாளாவது.

சகோதரிக்கு: எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். தம்மாமிலிருந்து கணவர் பேசும்போது அந்த எண்ணைச் சொன்னால் போதும். ‘சென்சார் போச்சாம்’ என்று சொன்னால் அவருக்கும் ஒன்றும் விளங்காது. வண்டியின் கீழே எத்தனை சென்சார்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்வதில்லை. திரையைத் திருப்பிக் காட்டுவார். பெண்கள் தனியே சென்றால் ஒரு விலை, ஆண் துணையோடு சென்றால் ஒரு விலை என்னும் வழக்கம் சில இடங்களில் இருப்பதை நானறிவேன். கேள்வி கேட்பவரிடம் அது எளிதில் செல்லாது. முதலில் பிளக்குகளையும் புகைக்குழாயின் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதித்து ஆயில் எரிவதன் காரணத்தை அறியுங்கள். அந்தச் செலவு வண்டியின் மதிப்புக்கு ஒத்துவந்தால் அதைச் செய்து முடித்து, சூடேறிய எஞ்சினில் புகையை முறைப்படி அளந்த பின்னரே கன்வெர்ட்டரைப் பற்றி முடிவெடுங்கள். ஒத்துவராவிட்டால் இப்போதுள்ள நிலையிலேயே விற்றுவிடலாம், தடையில்லை. விளக்கு எரிகிறது, ஆயில் குறைகிறது, கன்வெர்ட்டர் ஐயத்துக்குரியது என்று விற்பனைத் தாளில் எழுதி, அதற்கேற்ப விலையைக் குறைத்து, வாங்குபவரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் பிரதியொன்று உங்களிடமும் இருக்கட்டும்.